படகின் கழிவுத் தொட்டி ஒழுகினால்: டேங்கை மட்டும் மாற்றினால் போதுமா?

இது சாப்பிட்டுக்கொண்டே கேட்கிற எபிசோட் இல்லை, முதல்லயே சொல்லிடறேன். பழைய படகில் கழிவைச் சேர்த்து வைக்கிற ஹோல்டிங் டேங்க் ஒழுக ஆரம்பித்தால் அதை எப்படி மாற்றுவது, அதுதான் இன்றைக்கு விஷயம்.

அமெரிக்காவில் மிச்சிகன் ஏரியில் பாய்மரப் படகு வைத்திருக்கிற நண்பர் ஒருத்தருக்கு இந்த வேலை வந்தது. 1980களில் கட்டின படகு, டேங்க் அலுமினியம். "அதே அளவில் இன்னொரு அலுமினிய டேங்க் வெல்டு பண்ணி வைத்துவிட்டால் முடிந்தது, இல்லையா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்பதில்தான் மொத்த கதையும் இருக்கிறது.

முதலில், கழிவை எதற்காகப் படகிலேயே வைத்திருக்க வேண்டும்? அமெரிக்காவில் 1972-ல் வந்த தூய நீர்ச் சட்டத்தின் கீழ், கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவை விடக்கூடாது. மிச்சிகன் மாநிலம் 1976-லேயே ஒரு படி மேலே போய், சுத்திகரித்த கழிவைக்கூட விடக்கூடாது என்று தன் நீர்ப்பரப்புக்கு விதி கொண்டுவந்தது. நியாயம்தான். சிகாகோ நகரம் குடிக்கிறது இந்த ஏரித் தண்ணீரைத்தானே. ஆக, டேங்கில் சேர்த்து, கரையில் இருக்கிற பம்ப்-அவுட் நிலையத்தில் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். டேங்க் ஒழுகினால் அந்தக் கழிவு படகின் அடித்தட்டில், அதாவது பில்ஜில் தேங்கும். பில்ஜ் பம்ப் தானாக ஓடி அதை ஏரியிலேயே தள்ளிவிடும். நாற்றம் ஒரு பிரச்சினை, சட்டம் இன்னொரு பிரச்சினை.

சரி, அலுமினியம் ஏன் வேண்டாம்? சிறுநீர் அலுமினியத்தை அரிக்கும். முதலில் அடிவாங்குவது வெல்டிங் ஓரங்களும் ஹோஸ் சேருகிற இடங்களும். வெளிப்பக்கம் ஈரமான மரப்பலகை மேல் உட்கார்ந்திருந்தால் அங்கிருந்தும் அரிப்பு வரும். ஒரு ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று வருவதற்குக் காரணம் இதுதான், தகடு எல்லா இடத்திலும் மெலிந்திருக்கும். அதே பொருளில் புது டேங்க் வாங்கினால், அதே ஒழுகலுக்கு இன்னொரு தேதி குறிக்கிறோம், அவ்வளவுதான். மாற்று, தடித்த பாலிஎத்திலீன் டேங்க். சுவர் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் இருக்கட்டும். குடிநீருக்குச் செய்த மெல்லிய பிளாஸ்டிக் டேங்கை இதற்குப் போட்டால் நாற்றம் வெளியே கசியும்.

ஆனால் வாங்குவதற்கு முன்னாடி, ஒழுகுவது டேங்க்தானா என்று உறுதி பண்ணுங்க. சாஃப்ட்வேர்ல பிழை தெரிகிற இடமும் பிழை இருக்கிற இடமும் வேற வேற இல்லையா, அதே மாதிரி. டேங்கைக் காலி பண்ணி, சுத்தத் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று தடவை அலசி, கடைசியில் கேசரி கலர் கலந்த தண்ணீரால் நிரப்புங்க. எல்லா இணைப்புக்கும் கீழே வெள்ளை டிஷ்யூ பேப்பர். எது முதலில் நிறம் மாறுதுன்னு பாருங்க. எதுவுமே மாறவில்லை, ஆனா நாறுதுன்னா ஹோஸைச் சந்தேகப்படணும். வெந்நீரில் நனைத்த துணியை ஹோஸ் மேல் சுற்றி, ஆறியதும் எடுத்து மோந்து பாருங்க. துணியில் நாற்றம் ஏறியிருந்தால் ஹோஸ் காலி.

அடுத்து பழசைக் கழற்றுவது. இங்கே ஒரு எச்சரிக்கை. டேங்குக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் இருக்கலாம். நம்ம ஊரில் செப்டிக் டேங்க், சாக்கடைக் குழிகளில் இறக்கிவிடப்பட்ட தொழிலாளர்களின் உயிரை எடுக்கிறதே, அதே ஹைட்ரஜன் சல்ஃபைடுதான். செறிவு கூடினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைப்போம், வாயு அங்கேயேதான் இருக்கும். அதனால் கதவு, ஹேட்ச் எல்லாம் திறந்து, வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிற மாதிரி ஃபேன் வைத்து, கூட ஒரு ஆள் இருந்தால்தான் வேலை. மீத்தேன் தீப்பிடிக்கும். ஒட்டிக்கொண்ட ஹோஸை ஹீட் கன் வைத்து இளக்காதீங்க, கத்தியால் அறுத்துவிடுங்க. எப்படியும் அது குப்பைக்குத்தான் போகும்.

டேங்க் வெளியே வராது. நிறைய பழைய படகுகளில் டேங்கை முதலில் வைத்துவிட்டு அப்புறம்தான் மேல்தளத்தை மூடியிருப்பார்கள். நண்பரோட படகும் அப்படித்தான். நன்றாக அலசிக் காற்றோட்டம் கொடுத்த பிறகு துண்டுதுண்டாக அறுத்துத்தான் எடுத்தோம். அப்போ புது டேங்க் எப்படி உள்ளே போகும்? அட்டைப்பெட்டியை அதே அளவில் ஒட்டி, வாசல் வழியாக, திருப்பம் தாண்டி, உட்காரப்போகிற இடம் வரைக்கும் கொண்டுபோய்ப் பாருங்க. ஹோஸ் மாட்டுகிற இடத்தையும் அட்டையில் குறிச்சுக்கோங்க. பிளாஸ்டிக் டேங்கை வாங்கின பிறகு செதுக்க முடியாது. இடம் போதலைன்னா இரண்டு சின்ன டேங்க் வைத்து இணைக்கலாம். கொள்ளளவு குறையும், பரவாயில்லை.

இப்போ யாரும் பெரிசாக் கண்டுக்காத வென்ட் குழாய். டேங்குக்குள் காற்று போய்வருகிற வழி அது. பழைய படகுகளில் 16 மில்லிமீட்டர் குழாய் வளைந்து வளைந்து போகும், கொஞ்ச நாளில் அடைத்துவிடும். அடைத்தால் டாய்லெட்டை பம்ப் பண்ணும்போது உள்ளே அழுத்தம் ஏறும். பம்ப்-அவுட் உறிஞ்சும்போது வெற்றிடம் வந்து டேங்க் சுவர் உள்வாங்கும். வெல்டிங் ஓரம் பிளப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காற்று இல்லாத இடத்தில் வளர்கிற பாக்டீரியாதான் அழுகின முட்டை நாற்றத்தைத் தரும், காற்று கிடைத்தால் அது அடங்கும். அதனால் 25 மில்லிமீட்டராவது அகலமாக, முடிந்தவரை குட்டையாக, நேராக வென்ட் போடுங்க. முடிந்தால் இரண்டு பக்கமும். என்னைக் கேட்டால், டேங்கைவிட இதற்கு அதிக நேரம் செலவு பண்ணுவேன்.

30 கேலன் டேங்க் நிரம்பினால் உள்ளே இருப்பது மட்டும் சுமார் 114 கிலோ. அலையில் அது நகர்ந்தால் இணைப்புகள் விரிசல் விடும். பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்க, ஆனால் கூர்மையான ஓரத்தில் உரசக்கூடாது. ஹோஸில் கழிவு தேங்குகிற தொய்வு வேண்டாம். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளாம்ப்.

புது டேங்கைப் படகில் ஏற்றுவதற்கு முன்னாடியே தரையில் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் வைத்துப் பாருங்க. படகில் பொருத்தினதும் மறுபடியும் சுத்தத் தண்ணீர், மறுபடியும் டிஷ்யூ பேப்பர். காலையில் பேப்பர் காய்ந்து இருந்தால் டாய்லெட்டைத் திறந்துவிடலாம்.