காரணம் சொல்லாத சரிவு

வீட்டுக் காற்றைச் சுத்தப்படுத்தும் கருவிகளைச் சோதித்து எழுதுவதற்கென்றே ஓர் இணையதளம் இருக்கிறது. ஹவுஸ்ஃப்ரெஷ் என்று பெயர். ஜிசெல் நவாரோவும் அவர் கணவர் டேனி ஆஷ்டனும் நடத்துகிறார்கள். கருவியைத் தங்கள் காசில் வாங்குவார்கள். ஓர் அறையில் புகையை நிரப்பி, எத்தனை நிமிடத்தில் காற்று தெளிகிறது என்று அளப்பார்கள். இரைச்சல் எவ்வளவு, வடிகட்டி மாற்ற ஆண்டுக்கு என்ன செலவாகும் என்பதும் கணக்கில் வரும். படித்தவர் அந்தப் பக்கத்தில் உள்ள இணைப்பைத் தொட்டு ஒரு கருவியை வாங்கினால் இவர்களுக்குச் சிறிது கமிஷன் கிடைக்கும். வருமானத்துக்கு அதுதான் வழி.

கூகுள் தேடல் வழியாக நாளொன்றுக்குச் சுமார் 4,000 பேர் அங்கே வந்துகொண்டிருந்தார்கள். 2024 மே மாதத்தில் அது 200 ஆகியிருந்தது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோரை அனுப்ப நேர்ந்தது. அவர்களுடைய சோதனை முறையும் எழுத்தும் முன்பு இருந்தபடியேதான் இருந்தன. தேடினால் மேலே வந்தவை பெரிய பத்திரிகைக் குழுமங்களின் பட்டியல்கள். திவால் மனு போட்டுவிட்ட ஒரு நிறுவனத்தின் கருவியைக்கூட அப்படிப்பட்ட தளங்கள் சில தொடர்ந்து பரிந்துரைத்துக்கொண்டிருந்ததை நவாரோ ஆதாரத்தோடு எழுதினார்.

எழுதிப் பிழைக்க வந்தவருக்கு இது எவ்வளவு பெரிய அடி என்பது புரிய, வருமானக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2003-இல் கூகுள் ஆட்சென்ஸைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து யார் வேண்டுமானாலும் தன் பக்கத்தில் விளம்பரம் வைத்துச் சம்பாதிக்கலாம். விளம்பரதாரர் தரும் நூறு ரூபாயில் ஏறக்குறைய 68 ரூபாய் எழுதியவருக்கு. ஆனால் ஒரு பார்வைக்குக் கிடைப்பது காசுக் கணக்கில்தான். ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்றுதான் அதைப் பேசவே முடியும். கூட்டம் வந்தால்தான் பணம். அந்தக் கூட்டமோ தேடல் முடிவில் முதல் சில இடங்களில் இருப்பவரிடம்தான் போகிறது. மூன்றாம் இடத்திலிருந்து பதினைந்தாம் இடத்துக்கு இறங்கினால் வருமானம் பாதியாவதில்லை, அநேகமாக நின்றே போகிறது.

இந்த இறக்கம் நேற்று வந்ததும் அல்ல. 2011 பிப்ரவரியில் கூகுளின் தேடல் வரிசைமுறையில் 'பாண்டா' என்று பெயரிட்ட மாற்றம் வந்தது. அமெரிக்காவில் நடக்கும் தேடல்களில் நூற்றுக்குப் பன்னிரண்டை அது பாதித்ததாகக் கூகுளே சொன்னது. அடுத்த ஆண்டு 'பெங்குவின்'. இவற்றில் அடிபட்ட குப்பைத் தளங்கள் ஏராளம். அதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை. ஆனால் மெட்டாஃபில்டர் என்ற கூட்டு வலைப்பதிவின் கதை வேறு. மேட் ஹாஹி 1999-இல் தொடங்கியது. ஆட்களை வைத்து ஒவ்வொரு பதிவையும் கவனித்துப் பராமரித்த இடம். 2012 நவம்பரில் அங்கு வருவோர் திடீரென 40 விழுக்காடு குறைந்தார்கள். ஹாஹி தளத்தை மாற்றி மாற்றிச் சரிசெய்து பார்த்தார், எதுவும் பலிக்கவில்லை. 2014 மே மாதம் ஊழியர்கள் சிலரை நீக்குவதாக அறிவித்தார். விஷயம் பரவிய பிறகு, ஜூனில், கூகுளின் மேட் கட்ஸ் ஒரு மேடையில் விளக்கம் சொன்னார்: அந்தத் தளத்தைத் தாக்கியது பாண்டாவும் இல்லை, பெங்குவினும் இல்லை, வெளியே சொல்லப்படாத வேறொரு மாற்றம். ஒன்றரை ஆண்டுக்கு மேலாக அந்த மனிதர் தன் தளத்தில் இல்லாத குறையைத் தேடிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஆறாத விஷயம் இதுதான். தேடல் வரிசை மாறும், மாறத்தான் வேண்டும். நேற்றுவரை முதலில் நின்றவர் என்றைக்கும் முதலில் நிற்க உரிமை கேட்க முடியாது. ஆனால் கூகுளின் நடைமுறையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஒருவர் ஏமாற்றினால், வரிசையில் மேலே வரப் பிற தளங்களிலிருந்து காசு கொடுத்து இணைப்பு வாங்கினார் என்று கண்டுபிடித்தால், கூகுளின் ஆட்கள் அவர்மேல் நடவடிக்கை எடுப்பார்கள். அப்போது தளக்காரர்களுக்கான 'சர்ச் கன்சோல்' பக்கத்தில் அவருக்கு அறிவிப்பு வரும். குற்றம் என்ன என்று எழுதியிருக்கும். திருத்திவிட்டு மறுபரிசீலனைக்கு மனுப் போடலாம். எந்தத் தவறும் செய்யாதவரை அல்காரிதம் கீழே தள்ளினால் அறிவிப்பும் கிடையாது, மனுவும் கிடையாது. ஏமாற்றியவருக்கு உள்ள முறையீட்டு வழி நேர்மையானவருக்கு இல்லை.

ஊருக்கு வெளியே பைபாஸ் சாலை வந்தால் பழைய சாலையோர டீக்கடைகள் காற்று வாங்கும். ஆனால் அளவுக்கல் நடுவதையும் மண் கொட்டுவதையும் கடைக்காரர் மாதக்கணக்கில் கண்ணால் பார்க்கிறார். கடையைப் புதுச் சாலைக்கு மாற்றவோ வேறு தொழில் பார்க்கவோ அவகாசம் இருக்கிறது. வலைப்பதிவருக்கு அந்த அவகாசமும் இல்லை.

2023 செப்டம்பர் மாற்றம் இதை இன்னும் கடுமையாக்கியது. 'பயனுள்ள உள்ளடக்கம்' என்ற பெயரில் வந்த அந்த அளவுகோல் தளம் முழுவதற்கும் சேர்த்து மதிப்பெண் போட்டது. தளத்தில் பயனற்ற பக்கங்கள் அதிகம் என்று கணினி முடிவு செய்தால், அங்கேயே இருக்கும் அருமையான கட்டுரையும் சேர்ந்து இறங்கும். 2024 மார்ச்சில் தொடங்கிய அடுத்த பெரிய மாற்றம் முடியவே 45 நாளாயிற்று. அந்த அக்டோபரில் பாதிக்கப்பட்ட தளக்காரர்கள் சுமார் இருபது பேரைக் கூகுள் தன் தலைமையகத்துக்கு அழைத்துப் பேசியது. உங்கள் தளங்களில் குறை ஒன்றும் இல்லை என்று பொறியாளர்கள் சொன்னதாக, போய்வந்தவர்கள் எழுதினார்கள். எப்போது சரியாகும் என்ற கேள்விக்கு மட்டும் வாக்குறுதி கிடைக்கவில்லை. வந்தவர்களில் ஒருவரான ஜோஷுவா டைலர் அடுத்த மாதமே தன் சினிமாச் செய்தித் தளத்தை மூடுவதாக அறிவித்தார்.

கூகுள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. வரிசைப்படுத்தும் விதியை முழுக்க வெளியிட்டால் மறுநாளே மோசடிக்காரர்கள் அதற்கேற்பப் பக்கங்களைத் தயாரித்துக் குவிப்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதியைச் சொல்லாமலே விளைவைச் சொல்ல முடியும். 'உங்கள் தளம் முழுவதும் இறக்கப்பட்டுள்ளது. இந்தப் பக்கங்களால்' என்ற இரண்டு வரி போதும். வேறு கடைத்தெரு இருந்தால் இதைக்கூடக் கேட்க வேண்டாம். அமெரிக்காவில் நடக்கும் தேடல்களில் ஏறக்குறைய 90 விழுக்காடு கூகுளிடம் இருப்பதைச் சுட்டி, அது சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தைக் காத்துவருகிறது என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்திருக்கிறார். பிழைப்பின் ஒரே வாசலைக் கையில் வைத்திருப்பவருக்கு, அதை மூடும்போது ஏன் என்று சொல்லும் கடமை இருக்கிறது.

தமிழில் எழுதுபவர்களுக்கு இந்த வாசல் தாமதமாகத்தான் திறந்தது. 2004-இல் தமிழ்மணம் திரட்டி வந்த காலத்தில் ஒருவர் பதிவிட்டால் அது திரட்டியின் முகப்பில் தெரியும். அங்கிருந்து ஆட்கள் வந்து பின்னூட்டம் போடுவார்கள். தேடுபொறியை யாரும் நம்பியிருக்கவில்லை, காசும் இல்லை. ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில். அதற்குள் அந்த வாசகக் கூட்டம் ஃபேஸ்புக்குக்குப் போய்விட்டிருந்தது. ஆகவே இன்று சமையல் குறிப்போ, வேலைவாய்ப்புச் செய்தியோ, விவசாயத் தகவலோ எழுதிச் சம்பாதிக்க நினைக்கும் தமிழர் தேடலைத்தான் முழுக்க நம்பி நிற்கிறார். வாசகரின் மின்னஞ்சல் முகவரியையோ வாட்ஸ்அப் எண்ணையோ அவர் சம்மதத்தோடு வாங்கி வைப்பவர்கள் மிகக் குறைவு. முதல் விளம்பரம் வைப்பதற்கு முன்பே அதைத் தொடங்குங்கள் என்றுதான் கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வேன். மெட்டாஃபில்டர் மூடாமல் தப்பியதும் வாசகர்கள் மாதாமாதம் கைக்காசு அனுப்பியதால்தான். கமிஷனை மட்டும் நம்புவதும் ஆபத்து; 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அமேசான் மரச்சாமான்களுக்கான விகிதத்தை 8-லிருந்து 3 விழுக்காடாகக் குறைத்தது.

இப்போது தேடல் பக்கத்தின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு பதிலைத் தொகுத்துக் கொடுக்கிறது. இந்தியாவுக்கு அது 2024 ஆகஸ்டில் வந்தது. பலர் எழுதியதிலிருந்து பதில் எடுக்கப்படுகிறது. பதில் அங்கேயே கிடைத்துவிடுவதால் எழுதியவரின் பக்கத்துக்குப் போகும் தேவை குறைகிறது. அமெரிக்காவில் பெரிய பதிப்பாளர்கள் இதற்காக வழக்குப் போட்டிருக்கிறார்கள். இங்கே, டிஜிட்டல் செய்தி நிறுவனங்களின் சங்கம் கொடுத்த புகாரின்பேரில் 2022 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுள் மீது விசாரணைக்கு உத்தரவிட்டது. அது வழக்கறிஞர் வைத்துக்கொள்ளக்கூடிய நிறுவனங்களின் புகார். வீட்டில் ஒரு மடிக்கணினியோடு உட்கார்ந்து எழுதிக் குடும்பம் நடத்துகிறவரின் குறையையும் அதே ஆணையம் கேட்க வேண்டும். அவருக்கும் அறிவிப்பு வர வேண்டும், மறுபரிசீலனை மனு இருக்க வேண்டும், அதற்குக் குறித்த நாளுக்குள் பதில் வர வேண்டும்.