விதைக்குள் மறைந்திருக்கும் பாட்டன் குணம்

"சென்ற பட்டத்தில் நன்றாகக் காய்த்த வீரிய ஒட்டுப் பருத்தியின் விதையையே எடுத்து வைத்து, இப்பட்டத்திலும் விதைத்தால் என்ன? விதைச் செலவு மிச்சமாகுமே!" என்று அங்கத்தினர் பலர் நம்மை வினவுகின்றனர். சிக்கனம் கூட்டுறவாளருக்கு அழகுதான். ஆயினும் இந்தச் சிக்கனம் பயிரிடுவோருக்கும் நெசவாளருக்கும் ஒருங்கே நட்டம் விளைவிப்பதாகும். காரணம் அறிய வேண்டின், பெற்றோரின் குணம் பிள்ளைக்கு இறங்கும் விதத்தைச் சிறிது நோக்க வேண்டும்.

இதனைக் கணக்கிட்டு விளக்கியவர் கிரிகோர் மெண்டல் என்னும் துறவி. இன்று செக் நாட்டிலுள்ள பிர்னோ நகரில், மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை அவர் பட்டாணியைப் பயிரிட்டு ஆராய்ந்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் இணைத்தபோது கிடைத்த விதைகள் யாவும் உருண்டையே. அவற்றை விதைத்துத் தம்முள் கருவுற விட்டபோதோ, 5,474 உருண்டை விதைகளும் 1,850 சுருங்கிய விதைகளும் கிடைத்தன. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. ஒரு தலைமுறை ஒளிந்திருந்த குணம் மறு தலைமுறையில் தலைகாட்டிற்று. 1866-இல் வெளியான இவ்வுண்மையின் அருமையை உலகம் 1900-இல்தான் உணர்ந்தது. மெண்டல் 1884-இலேயே காலமாகிவிட்டார்.

நெசவாளருக்கு இதனை எளிதில் விளக்கலாம். நீலச் சாயத்தையும் மஞ்சள் சாயத்தையும் ஒரே தொட்டியில் ஊற்றினால் பச்சையாகும். மீண்டும் பிரிக்க இயலாது. நீலப் பாவில் மஞ்சள் ஊடை கொடுத்து நெய்தாலோ, துணி தொலைவில் பச்சையாகத் தோன்றினும் ஒவ்வோர் இழையும் தன் நிறம் கெடாமலே இருக்கும். குணங்களும் இவ்வாறே. ஒவ்வொரு குணத்துக்கும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரு மரபணுக்கள் வந்து சேர்கின்றன. அவை கரைந்து கலப்பதில்லை. அடுத்த தலைமுறைக்கு அவ்விரண்டில் ஒன்றே செல்கிறது.

இனி நம் பருத்திக்கு வருவோம். 1970-இல் குஜராத்தின் சூரத் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எச்-4 என்னும் வீரிய ஒட்டுப் பருத்தி வெளிவந்தது. இத்தகைய விதைக்காக, பூவின் மகரந்தப் பைகளை மாலையில் கையால் நீக்கி, மறுநாள் காலையில் வேறோர் இரகத்தின் மகரந்தத்தைத் தடவுகின்றனர். அதன் விதை விலையில் இவ்வுழைப்பும் அடங்கும். முதல் தலைமுறைச் செடிகள் யாவும் ஒரே சீராக, வீரியத்துடன் வளரும். அவற்றின் விதையை விதைத்தாலோ குணங்கள் பிரிந்து பலவாறு கூடும், நெட்டையும் குட்டையுமாகச் செடிகள் முளைக்கும், வீரியம் குன்றும். புழுவை எதிர்க்கும் குணம் பெற்றோரில் ஒன்றிடமிருந்து மட்டும் வந்திருப்பின், ஏறத்தாழ நாலில் ஒரு பங்குச் செடிகளில் அது இராது. நெடிய இழையும் குறுகிய இழையும் கலந்த பஞ்சில் நூல் சீராக அமையாது. தறியில் இழை அறும். நெசவாளரின் கூலி குறையும்.

ஆனால் எல்லாப் பருத்தியும் அவ்வாறன்று. கோயம்புத்தூரில் சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்னும் இரு இரகங்களை இணைத்து உருவாக்கி, 1974-இல் வெளியிட்ட சுவின், 120-ஆம் நம்பர் நூலுக்கும் ஏற்றது. இணைத்தபின் பல தலைமுறை தேர்ந்தெடுத்து நிலைப்படுத்திய இரகமாதலால், அதன் விதை தாயைப் போன்றே விளையும். அயல் மகரந்தமும் அயல் விதையும் கலவாமல் காப்பதே அதற்கு வேண்டுவது.

ஆகவே விதை வாங்கும்போது, "இது இரகமா, ஒட்டா?" என்று அங்கத்தினர் தவறாது கேட்டறிதல் வேண்டும். இரகமாயின் கலப்புச் செடிகளைக் களைந்து, தனியே அரைத்து, விதையைப் பேணுக. ஒட்டாயின் பட்டந்தோறும் புதிதாகப் பெறுக. சங்கக் கடனில் இறங்கும் பயிருக்கு விதையே முதல் பிணை என்பதை நாம் மறவாதிருப்போமாக.