மேல்மாடிக்கு முன்னர் காணி உறுதி வேண்டும்

குடும்பம் பெருகும்போது வீடும் பெருக வேண்டியது இயல்பு. நிலம் குறுகிய இடத்தில் வீட்டை மேல்நோக்கி வளர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இரத்தினபுரி, பலாங்கொடை, கேகாலை, எட்டியாந்தோட்டை போன்ற நகரங்களில் சொந்தக் காணியில் வாழ்வோர் இதற்கான அனுமதியைப் பெறுவது சிரமமானதாயினும் இயலாத காரியமன்று. ஆனால், அந்நகரங்களைச் சூழ்ந்துள்ள தேயிலை, இறப்பர் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழும் தொழிலாளர் குடும்பங்களோ விண்ணப்பப் படிவத்தின் முதற் கேள்வியிலேயே நின்றுவிடுகின்றன. "காணியின் உரிமையாளர் யார்?" என்பதே அக்கேள்வி.

கட்டட அனுமதியை வழங்கும் அதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களுக்கு உரியது. 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும், பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் இதற்கு அடிப்படையாகும். புதிய வீட்டுக்கு மட்டுமன்றி, இருக்கும் வீட்டில் மேல்மாடி அமைப்பதற்கும் முன் அனுமதி அவசியம். காணி உறுதியின் பிரதி, நில அளவை வரைபடம், தகுதி பெற்றவர் வரைந்த கட்டடப் படம் ஆகியவற்றை விண்ணப்பத்துடன் சமர்ப்பிக்க வேண்டும். பழைய அத்திவாரமும் சுவர்களும் புதிய சுமையைத் தாங்குமா என்பதைப் பொறியியலாளர் ஒருவர் உறுதிப்படுத்துவது மேல்மாடியைப் பொறுத்தவரை இன்றியமையாதது. வேலை முடிந்த பின்னர், அங்கீகரிக்கப்பட்ட படத்துக்கு அமையவே கட்டடம் எழுந்துள்ளது என்பதற்கான இணக்கச் சான்றிதழையும் பெற வேண்டும்.

சப்ரகமுவ மாகாணத்தில் இன்னொரு படியும் உண்டு. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களும் மண்சரிவு அபாயம் மிக்கவை. ஆதலால், அபாயம் இனங்காணப்பட்ட பகுதிகளில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் தேவைப்படுகிறது. இதனை வீண் அலைச்சல் என்று கருதுவோர் 2016 மே 17 ஆம் திகதியை நினைவிற்கொள்ள வேண்டும். அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பலியாகினர் அல்லது காணாமற் போயினர். அதே நாளில் புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண்சரிவு உயிர்களைப் பறித்தது. மறு ஆண்டு மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டமும் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பேரழிவைச் சந்தித்தது.

தோட்டக் குடும்பத்தின் நிலை என்ன? 1972 ஆம், 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின் மூலம் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றில் பெரும்பாலானவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. காணி அரசுக்குரியது, குத்தகை கம்பனிக்குரியது, லயன் அறையில் வாழ்பவருக்கோ குடியிருப்பு மட்டுமே உண்டு. உறுதி இல்லாதவர் விண்ணப்பதாரராக முடியாது. வீட்டுக் கடனுக்கு வங்கியிடம் பிணையாக வைக்கவும் அவரிடம் எதுவுமில்லை. தோட்ட நிர்வாகத்தின் வாய்மொழிச் சம்மதத்துடன் ஒரு தாழ்வாரத்தை இறக்குவதும், பின்புற மண்மேட்டை வெட்டி ஓர் அறையைச் சேர்ப்பதுமே அவருக்கு எஞ்சும் வழிகள்.

ஆபத்தும் இங்கேதான் தொடங்குகிறது. சரிவான நிலத்தை உரிய தாங்குசுவரும் வடிகாலும் இன்றி வெட்டுவது மண்சரிவைத் தூண்டும் காரணிகளுள் ஒன்றாகும். மறுபுறம், லயன் அறைகள் பொதுச் சுவர்களால் இணைக்கப்பட்டவை. மாடியைச் சுமப்பதற்காகக் கட்டப்படாத அச்சுவர்களில் ஒரு குடும்பம் ஏற்றும் பாரம் அயல் குடும்பத்தின் தலைக்கும் ஆபத்தாகும். அனுமதி நடைமுறை என்பது வெறும் முத்திரையன்று. அது ஒரு பாதுகாப்புப் பரிசோதனையுமாகும். உரிமை மறுக்கப்பட்டவருக்கு அப்பரிசோதனையும் மறுக்கப்படுகிறது என்பதே இதன் பாரதூரமான விளைவு.

மாற்றங்கள் நிகழாமலில்லை. 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற திட்டம் 2015 இன் பின்னர் வேகம் பெற்றது. தோட்டங்களில் பிரதேச சபைகள் பணியாற்றுவதற்குத் தடையாக விளங்கிய பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆவது பிரிவு 2018 இல் திருத்தப்பட்டது. எனினும், வீடு பெற்ற அனைவரிடமும் சட்டவலுவுள்ள உறுதி சென்றடையவில்லை. 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதில் கட்டப்பட்ட 550 சதுர அடி வீடு, பிள்ளைகள் மணமுடிக்கும் காலத்தில் போதாமற் போவது திண்ணம். அப்போது எழும் தேவை மேல்மாடிதான்.

எனவே, புதிய வீடுகளுக்கான இடத்தை ஆராயும்போதே, மண் இடந்தருமாயின், எதிர்கால மாடியைத் தாங்கக்கூடிய அத்திவாரத்தை இடுவது விவேகமானது. உறுதியுடன் அங்கீகரிக்கப்பட்ட கட்டடப் படத்தையும் நில அளவை வரைபடத்தையும் பயனாளியிடம் கையளிக்க வேண்டும். தமிழ் மக்கள் சிதறி வாழும் சப்ரகமுவவில், படிவங்களும் ஆலோசனையும் தமிழில் கிடைப்பதைப் பிரதேச சபைகள் உறுதி செய்ய வேண்டும். தமிழும் அரச கரும மொழி என 1987 இல் அரசியலமைப்பில் இடம்பெற்ற ஏற்பாடு ஏட்டளவில் நின்றுவிடலாகாது.

மாடி கட்டும் ஆசை ஆடம்பரமன்று. தன் உழைப்பில் ஒரு செங்கல்லைத் தன் பெயரிலேயே வைக்க விரும்பும் மனிதனின் நியாயமான எதிர்பார்ப்பு அது. அதற்கான அத்திவாரத்தை இடவேண்டிய பொறுப்பு அரசாங்கத்தையே சாரும்.