எழுத்துரு வந்தாச்சு, அதைப் பார்த்துக்கிட ஆள் யாரு?

தக்கலையில இருந்து பேசுறேன். போன எபிசோடுல லினக்ஸ்ல தமிழ் எழுத்துரு போடுறதைப் பத்திச் சொல்லியிருந்தேன். அதைக் கேட்டுட்டு, இங்க டிடிபி கடை வச்சிருக்கிற ஒரு தம்பி கேட்டாரு: "அண்ணே, ஃபான்ட் ஃபைல் நெட்டுல சும்மா கெடக்கு. இறக்கி ஃபோல்டர்ல போட்டா வேலை முடிஞ்சுது. இதுக்குப் போய் பேக்கேஜ் மெயின்டெய்னர்னு தனியா ஒரு ஆள் எதுக்கு?"

நியாயமான கேள்வி. இன்னைக்கு அதையே எடுத்துக்கிடுவோம்.

மீரா இனிமைன்னு ஒரு தமிழ் எழுத்துரு இருக்கு. அதை வெளியிட்டது களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்துல உள்ளவங்க, ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு. மலையாளத்துக்காக ஆரம்பிச்ச குழு தமிழுக்கும் ஒண்ணு செஞ்சு குடுத்திருக்கு. 1956 வரைக்கும் நாமளும் அந்தப் பக்கம்தானே இருந்தோம், அதனால எனக்கு இது ஒண்ணும் ஆச்சரியமாப் படல. டெபியன்ல இதோட பேக்கேஜ் பேரு 'ஃபான்ட்ஸ்-மீரா-டிஏஎம்எல்'. கடைசி நாலு எழுத்தும் தமிழ் எழுத்துமுறைக்கு உலக அளவுல வச்சிருக்கிற குறியீடு.

இந்த எழுத்துருவை வரைஞ்சவர் ஒருத்தர், டெபியனுக்குள்ள கொண்டு வந்து வச்சுப் பார்த்துக்கிடுறவர் இன்னொருத்தர். அந்த ரெண்டாவது ஆள் முதல்ல பார்க்கிறது உரிமம். ஒவ்வொரு ஃபைலும் யாரோடது, எந்த உரிமத்துல இருக்குன்னு உட்கார்ந்து எழுதணும். சலிப்பான வேலைதான், ஆனா இது சரியா இல்லேன்னா பேக்கேஜ் உள்ளேயே போகாது. அடுத்து, ரெடியா இருக்கிற எழுத்துரு ஃபைலை அப்படியே காப்பி பண்ணி வச்சாப் போதாது. மூலத்துல இருந்து திரும்பக் கட்டி எடுக்கணும். பயன்படுத்துறவங்க கையில மூலமும் இருக்கணும்ங்கிறது 1997-ல டெபியன் எழுதி வச்ச விதி. கடைசியா, தன்னோட டிஜிட்டல் சாவியால கையெழுத்துப் போட்டு ஏத்தணும்.

ஏத்தினதும் நேரா உங்க மெஷினுக்கு வந்துராது. முதல்ல 'சிட்'ங்கிற நிலையற்ற பதிப்புக்குப் போகும். டெபியன் பதிப்புகளுக்கு டாய் ஸ்டோரி படத்துப் பேருதான் வைப்பாங்க. அதுல பொம்மையை எல்லாம் உடைக்கிற பையன் பேரு சிட், பொருத்தமாத்தான் வச்சிருக்காங்க. அங்க சாதாரணமா அஞ்சு நாள் பெரிய பழுது எதுவும் வராம இருந்தா 'டெஸ்டிங்'குக்கு நகரும். ஏறக்குறைய ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுல இருந்து நிலையான பதிப்பு வரும். 2025 ஆகஸ்டுல வந்த டெபியன் 13-ல 69,000-க்கு மேல பேக்கேஜ். முழு உரிமை உள்ள டெவலப்பர்கள் சுமார் ஆயிரம் பேர்தான். கணக்கை நீங்களே போட்டுக்கிடுங்க.

தம்பி, ஏத்தின பிறகுதான் பாடே ஆரம்பம். பூட்டிப் போட்ட வீட்டுல கறையான் ஏறுமே, அது மாதிரிதான். எழுத்துருவுல ஒரு புள்ளியைக்கூட யாரும் மாத்தியிருக்க மாட்டாங்க. ஆனா அதைக் கட்டுற ஃபான்ட்ஃபோர்ஜோ பைத்தானோ புதுப் பதிப்புக்கு மாறியிருக்கும், பேக்கேஜ் கட்டவே கட்டாது. யாராவது சரி பண்ணணும். பண்ணலேன்னா டெஸ்டிங்ல இருந்து எடுத்துருவாங்க, அடுத்த நிலையான பதிப்புல அது இருக்காது. நம்ம ஆளுக கண்ணுல படாமலே ஒரு தமிழ் எழுத்துரு காணாமப் போறது இப்படித்தான்.

எழுத்துருவாவது பரவாயில்ல. பூட்டுச் சாவி செய்யுற பேக்கேஜா இருந்தா? 2006-ல டெபியனோட ஓபன்எஸ்எஸ்எல் பேக்கேஜ்ல, சோதனைக் கருவி ஒரு எச்சரிக்கை காட்டுதுன்னு ரெண்டு வரியை முடக்கினாங்க. மெயின்டெய்னர் மூலத்தை எழுதினவங்க மடல் குழுவுல கேட்டுட்டுத்தான் செஞ்சாரு. ஆனா சாவிக்குள்ள எதேச்சைத்தன்மையைச் சேர்த்ததே அந்த வரியில ஒண்ணுதான். விளைவு, ஒரே வகை மெஷின்ல ஒரே அளவுச் சாவிக்கு 32,768-க்கு மேல வாய்ப்பே இல்லாமப் போச்சு. ஒண்ணொண்ணாப் போட்டுப் பார்த்தே திறந்துரலாம். 2008 மே 13-ல விஷயம் வெளியாச்சு. டெபியனை அடிப்படையா வச்ச உபுண்டுவும் சேர்ந்து மாட்டிச்சு. உலகம் பூரா பழைய சாவிகளைத் தூக்கிப் போட வேண்டி வந்துச்சு. எனக்கு அந்த மெயின்டெய்னர் மேல கோபம் வரல. அவரு கேட்ட நேரத்துல பக்கத்துல இருந்து ஊன்றிப் படிக்க இன்னும் ரெண்டு கண்ணு இல்லாமப் போனதுதான் குறை.

2024-ல நடந்தது நேர் எதிர். எக்ஸ்இசட்ங்கிற சுருக்கு நிரலை வருஷக் கணக்கா ஒத்தையில சுமந்துக்கிட்டிருந்தவருக்கு உதவ வந்த ஒருத்தர், நம்பிக்கையைச் சம்பாதிச்சு, பின்வாசல் ஒண்ணை ஒளிச்சு வச்சாரு. அதை இயக்குற வரி பொது மூலக் களஞ்சியத்துல கிடையாது, வெளியிட்ட தொகுப்புக்குள்ள மட்டும் இருந்துச்சு. டெபியன் சிட் ஓட்டிக்கிட்டிருந்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், லாகின் ஆக அரை செகண்டு கூடுதலா ஆகுதேன்னு துருவிப் பார்த்து மார்ச் 29-ல வெளியே சொன்னாரு. நிலையான பதிப்புக்கு அது போய்ச் சேரல. நான் சொன்ன அந்தக் காத்திருப்பு எதுக்குன்னு இப்பப் புரியும்.

அப்ப நாம உள்ள போறது எப்படி? சாவியில ஏற்கனவே உள்ள டெவலப்பர் கையெழுத்து வேணும். அதுக்குப் பொதுவா நேர்ல பார்த்து அடையாளம் காட்டுவாங்க. நமக்கு அது எட்டாத இடம் இல்ல: 2023 செப்டம்பர்ல டெப்கான்ஃப் உலக மாநாடே கொச்சியில நடந்துச்சு. அதே வருஷம் ஜனவரியில விழுப்புரத்துல மினி டெப்கான்ஃப். ஆனா கையெழுத்துக்கு முன்னாடியே பழுதைச் சொல்லலாம், திருத்தம் அனுப்பலாம். இன்னொரு டெவலப்பர் சரிபார்த்து உங்க பேக்கேஜை ஏத்துவாரு.

தம்பி, உங்க கடை மெஷின்ல 'ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப்'ங்கிற பேக்கேஜைப் போடுங்க. உங்ககிட்ட இருக்கிற பேக்கேஜ்கள்ல எதுக்கெல்லாம் பார்த்துக்கிட ஆள் இல்லாம அநாதையாக் கெடக்குன்னு அது காட்டும். வர்ற லிஸ்டை எனக்கு அனுப்புங்க மக்கா. அடுத்த எபிசோடுல அதுல சின்னதா ஒண்ணை எடுத்து, ரெண்டு பேரும் சேர்ந்து பிரிச்சுப் பார்ப்போம்.