சிலாம்பு ஏறிய விரலில் நடப்பது என்ன?

மேற்கு மாம்பலத்து வீடுகளில் நவராத்திரி நெருங்கினால் பரணிலிருந்து கொலுப் பலகைகள் இறங்கும். உதவிக்கு வரும் பிள்ளைகளில் யாருக்காவது விரலில் சிலாம்பு ஏறிவிடும். ஏறும்போது சுருக்கென்று ஒரு வலி, அவ்வளவுதான். மறுநாள் அந்த இடம் சிவந்து வீங்கி, தொட்டாலே விண்ணென்று தெறிக்கும். உள்ளே இருப்பது அதே துணுக்கு. வலி மட்டும் ஏன் கூடுகிறது?

இதற்கான விடையை 1882-ல் இத்தாலியின் மெசினாவில் ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகாவ் கண்ணால் பார்த்தார். உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும் நட்சத்திர மீன் லார்வாக்களின் உடலில் ரோஜா முட்களைச் செருகி வைத்தார். மறுநாள் அதிகாலை பார்த்தபோது, உடலுக்குள் அலையும் செல்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. அந்நியப் பொருளை விழுங்கும் செல்கள் பற்றிய ஆய்வு அங்கிருந்து வளர்ந்தது. 1908-ல் பால் எர்லிச்சுடன் சேர்ந்து அவர் நோபல் பரிசு பெற்றார்.

குழந்தையின் விரலிலும் அதுவே நடக்கிறது. மரத்துணுக்கோடு கிருமிகளும் உள்ளே போகின்றன. அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிகின்றன. வெள்ளணுக்கள் கசிந்து வந்து கிருமிகளை விழுங்குகின்றன. சிவப்பும் வீக்கமும் கூடும் வலியும் அந்த வேலையின் அடையாளங்கள். ஆனால் எந்தச் செல்லாலும் சிலாம்பை விழுங்க முடியாது. அதை வெளியே எடுப்பது நம் பங்கு.

கையையும் காயத்தையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஊறவைக்க வேண்டாம், மரம் உப்பி, இழுக்கும்போது உடையும். பிதுக்கினாலும் உடையும். ஊசியையும் ட்வீசரையும் ஸ்பிரிட்டால் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். நுனி வெளியே தெரிந்தால், ஏறிய சாய்விலேயே இழுக்க வேண்டும். தெரியாவிட்டால் ஊசியைத் தோலோடு படுக்கவைத்து மேல்தோலை மெல்லக் கீறிவிடலாம். மேல்தோலின் வெளி அடுக்கு இறந்த செல்களால் ஆனது. அதில் நரம்பு இல்லை. உள்ளங்கையில் அது தடிப்பாகவும் இருக்கும். ஆழம் போகாதவரை ஊசி வலிக்காது என்பதைக் குழந்தைக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதி அழுகை அடங்கும். எருக்கம்பால் வைப்பது பழைய வழக்கம். அது தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

ஆழமாக ஏறியது, நகத்துக்கு அடியில் போனது, கண்ணருகே குத்தியது, சீழ் பிடித்தது, உடைந்து உள்ளே தங்கியது எதுவானாலும் மருத்துவரிடம் போய்விட வேண்டும். தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். மண்ணில் வாழும் டெட்டனஸ் கிருமியின் நச்சை உடலின் காவல் தானாக வெல்லாது. 5 வயதில் போடவேண்டிய பூஸ்டர் விட்டுப்போயிருந்தால் உடனே போட்டுவிடுங்கள்.