தீவுகளுக்கு ஒரே ஒரு பச்சைச் சீட்டு

குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்.பி.க்களுக்குப் பச்சை வாக்குச்சீட்டு, எம்.எல்.ஏ.க்களுக்கு இளஞ்சிவப்பு. தேர்தல் ஆணையம் தரும் வயலெட் மைப் பேனாவால் பெயருக்கு நேரே 1, 2 என்று எழுத வேண்டும். 2022 ஜூலையிலும் அப்படித்தான் நடந்தது. அந்தமான் நிக்கோபாரிலிருந்து இளஞ்சிவப்புச் சீட்டு ஒன்றுகூட விழவில்லை. அங்கே சட்டமன்றமே இல்லையே! மாநிலங்களவை உறுப்பினரும் கிடையாது. ஒற்றை மக்களவை எம்.பி.யின் பச்சைச் சீட்டோடு கணக்கு முடிந்தது.

அந்த ஒன்றும் தாமதமாகத்தான் வந்தது. 1952-ல் முதல் மக்களவைக்குப் போன கார் நிக்கோபார் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன், குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பட்டவர். அடுத்த இரண்டு மக்களவைகளிலும் நியமனம்தான். அரசியல் சட்டத்தின் 54-வது பிரிவோ, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்கு மட்டுமே குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்கு என்கிறது. குடியரசுத் தலைவர் இவரை நியமிக்கலாம், இவர் அவருக்கு வாக்களிக்க முடியாது! 1967-ல்தான் தீவுகளில் முதல் மக்களவைத் தேர்தல். கே.ஆர். கணேஷ் வென்றார். அந்த மே மாதம் ஜாகிர் உசேன் தேர்வானபோதுதான் தீவுகளுக்கு வாக்குரிமை கிடைத்தது.

அமெரிக்காவிலும் ஆரம்பகாலத்தில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. 1789-ல் ஜார்ஜ் வாஷிங்டனைத் தேர்ந்தெடுத்தவர்கள் 69 பேர். அந்த வாக்காளர்களைச் சில மாநிலங்களில் மக்கள் தேர்ந்தெடுத்தார்கள், சிலவற்றில் சட்டமன்றம். நியூயார்க்கில் இரு அவைகளும் முட்டிக்கொண்டதில் ஒருவரையும் அனுப்பவில்லை. தென் கரோலினாவில் 1860 வரை சட்டமன்றம்தான் முடிவு செய்தது. மாநில அந்தஸ்து இல்லாத தலைநகர்வாசிகளோ அதிபர் தேர்தலில் வாக்களிக்க 1964 வரை காத்திருந்தார்கள்.

நம் பக்கத்தில் புதுச்சேரிக்கு விடிவு வந்துவிட்டது. 1992-ல் நிறைவேறிய 70-வது திருத்தத்தால் அதன் 30 எம்.எல்.ஏ.க்களுக்கும் வாக்கு உண்டு. அந்தமானுக்கு ஏன் இல்லை? 2011 கணக்கெடுப்பின்படி 3.80 லட்சம் மக்களுக்கு 700 மதிப்புள்ள ஓர் எம்.பி. வாக்கே தாராளம் என்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால், சிக்கல் எண்ணிக்கையில் இல்லை. 240-வது பிரிவின்படி இந்தத் தீவுகளுக்கான ஒழுங்குவிதிகளைக் குடியரசுத் தலைவரே பிறப்பிக்கலாம். நாடாளுமன்றச் சட்டத்தைக்கூட அவை திருத்தலாம். நிர்வாகத்தை நடத்தும் துணைநிலை ஆளுநரும் அவரால் நியமிக்கப்படுபவரே. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய இலங்கை மலையகத் தமிழரின் பிள்ளைகளுக்குக் கப்பல் சீட்டு கிடைக்காவிட்டால், போய்க் கேட்க ஒரு எம்.எல்.ஏ. இல்லை. குடியரசுத் தலைவரின் அதிகாரம் நேரடியாகப் பாயும் ஊரில்தான் அவரைத் தேர்ந்தெடுக்கும் கை மிகக் குறைவு. 2027 தேர்தலுக்கு முன்பாவது தீவுகளுக்குச் சட்டமன்றம் வேண்டும் என்ற பேச்சை டெல்லி எடுக்கட்டும்.