உங்கள் ஊருக்கு ஆபத்து எந்தப் பக்கம்?



ஐப்பசி, கார்த்திகை வந்தாலே கடலோரத்து விவசாயிக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். புயல் வருகிறது என்பதை வானிலை நிலையத்தார் சொல்லிவிடுவார்கள். வந்தால் நம்ம ஊரில் எது போகும், போனது எத்தனை வருஷத்தில் திரும்பும் என்கிற கணக்கை நாமேதான் போட வேண்டும். வேதாரண்யம் வட்டாரத்தை வைத்து அதைப் போட்டுப் பார்ப்போம்.

நாகப்பட்டினம் கரையை அடித்த பெரும்புயல்களை ஊர்ப் பெரியவர்கள் விரல்விட்டுச் சொல்லுவாங்க. 1952 நவம்பர் கடைசியில் ஒன்று. 1977 நவம்பர் 12-ம் தேதி ஒன்று. பிறகு 2018 நவம்பர் 16 விடியற்காலை, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா. முதல் இரண்டுக்கும் இடைவெளி 25 வருஷம், அடுத்ததற்கு 41. "கஜா வந்து போச்சு, இனிமே 40 வருஷத்துக்குக் கவலையில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. புயல் முறை வைத்து வருவதில்லை.

இப்போ இதைத் தென்னையோடு சேர்த்துப் பாருங்க. நாட்டுத் தென்னை 60 வருஷம் பலன் தருகிற மரம். ஆகவே இன்றைக்கு நடுகிற பிள்ளை, தன் ஆயுளில் ஒரு பெரும்புயலையாவது பார்க்கும் என்று வைத்துக்கொண்டே நட வேண்டும். நெல் மூழ்கினால் ஒரு போகம் போச்சு, மறுவருஷம் விதைக்கலாம். 25 அடிக்கு 25 அடி நட்ட தோப்பில் ஏக்கருக்கு 70 மரம். அது சாய்ந்தால், திரும்ப நட்டுக் காய் பார்க்க ஆறேழு வருஷம். அடிக்கிற காற்று ஒன்றுதான், நஷ்டம் ஒன்றல்ல. கஜாவின்போது மேற்கே பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஜனங்கள் அழுதது ஒரு வருஷ வெள்ளாமைக்காக இல்லை. பெண் கல்யாணத்துக்கும் பையன் படிப்புக்கும் நம்பியிருந்த தோப்புக்காக.

தென்னையே வேண்டாம் என்று சொல்லவில்லை. குடும்பம் முழுவதையும் அந்த ஒரு மரத்தின் மேலேயே ஏற்றிவைக்காதீங்க என்கிறேன். கொஞ்சம் கடலை, உளுந்து, இரண்டு கறவை மாடு என்று பக்கத்தில் இருக்கட்டும். எச்சரிக்கை வந்ததும் முற்றிய காய்களை இறக்கி, கனமான அடிமட்டைகளைக் கழித்துவிட்டால் மரத்துக்குத் தலைப்பாரம் குறையும். கடைசி நாளில் மரம் ஏற ஆள் கிடைக்காது. முன்னாடியே பேசி வைக்கணும்.

அடுத்தது தண்ணீர். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செண்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படியொரு மழை உங்கள் ஊரில் பெய்தால் எங்கே நிற்கும்? நாலு பேராகச் சேர்ந்து ஊரைச் சுற்றி நடங்க. முன்பு வெள்ளம் எந்தச் சுவரில் எந்த மட்டம் வரை நின்றது என்று பாட்டிமார்களைக் கேட்டுச் சுண்ணாம்பால் கோடு போடுங்க. (ஆம்பிளைகளுக்கு வருஷம்தான் ஞாபகம் இருக்கும்; அடுப்பங்கரைக்குள் தண்ணி எவ்வளவு ஏறியது என்பது பெண்களுக்குத்தான் தெரியும்.) வடிகால் எங்கே தூர்ந்திருக்கு, தண்ணீர் ஓடும் பாதையில் கரை போட்டு அடைத்தது யார் என்பதும் அந்த நடையிலேயே தெரிந்துவிடும். கொஞ்சம் மனஸ்தாபம் வரும். வெள்ளம் வந்தபிறகு சண்டை போடுவதற்கு இது தேவலை.

ஆனால் ஞாபகத்தை மட்டும் நம்ப முடியாது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. கடல் அப்படி ஊருக்குள் வரும் என்று எந்தப் பெரியவரும் சொல்லியிருக்கவில்லை. அதனால் கரையோர ஊர்க்காரங்க, மேடான இடம் எது, அங்கே ஓட எத்தனை நிமிஷம் என்பதையும் நடந்தே பார்த்துவிடுங்க.

இன்னொன்று, பலரும் எண்ணாமல் விட்டது. கஜாவில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்டு இல்லை. மோட்டார் ஓடவில்லை, தொட்டி காலி. சுற்றிலும் வெள்ளம், குடிக்கத் தண்ணீர் இல்லை! கரண்டு இல்லாமல் தண்ணீர் எடுக்க உங்கள் ஊரில் எத்தனை அடிபம்பு வேலை செய்கிறது?

இதையெல்லாம் புரட்டாசிக்குள் ஒரு தாளில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டிவிடுங்க. தானாக எழுந்து நடக்க முடியாதவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்காங்க, அவர்களை யார் தூக்கிக்கொண்டு போவது என்பதை அந்தத் தாளில் முதல் வரியாக எழுதுங்க.